அறிவிப்பு வந்ததாலேயே பட்டா போய்விடாது

தேசியப் பூங்கா அறிவிப்பில் ஓடையும் மலைமுகடும்தான் எல்லை, என் சர்வே எண் இல்லை, நிலம் உள்ளேயா வெளியேயா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த அறிவிப்பு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இன் கீழ் வருவது. இது அச்சட்டத்தின் பிரிவு 35(1)இன் கீழான உத்தேச அறிவிப்பு மட்டுமே. 35(4)இன் இறுதி அறிவிப்பில்தான் பூங்கா உருவாகும்.

உரிமை கோரச் சொல்லி கலெக்டர் வெளியிடும் பிரகடனத்தின் தேதியைப் பாருங்கள். அதிலிருந்து இரண்டு மாதத்துக்குள் பட்டா, புலப்பட நகலோடு எழுத்துமூலம் உரிமை கோருங்கள். வாய்ப்பேச்சை நம்பாதீர்கள், ஐயா. நிலத்தை எல்லையிலிருந்து விலக்கும்படி தெளிவாகக் கேளுங்கள். சரணாலயத்தில் கலெக்டர் உரிமையைத் தொடர விடலாம்; பூங்காவில் அந்த வழி கிடையாது. விலக்காவிட்டால் இழப்பீடு கொடுத்துக் கையகப்படுத்துவார்கள். இறுதி அறிவிப்புக்குப் பின் தேசிய வனவிலங்கு வாரியப் பரிந்துரையின்றி மாநில அரசால் எல்லையை மாற்ற முடியாது. இப்போதே மனு கொடுங்கள்.