ரத்தம் சுண்டுகிறது என்றார்களே, அது என்ன?

கேள்வி: டெங்கு வந்து என் தம்பிக்கு பிளேட்லெட் 38,000 வரை இறங்கியது. ஆஸ்பத்திரியில் பிளேட்லெட் ஏற்றவே இல்லை. "பிளாஸ்மா கசிந்து ரத்தம் சுண்டுகிறது, அதைத்தான் பார்க்கிறோம்" என்று டிரிப்ஸ் மட்டும் போட்டார்கள். இப்போது வீட்டில் நன்றாக இருக்கிறான். ஆனாலும் அது சரியா, டாக்டர்?
- வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: சரிதான் அம்மா. ஐப்பசி மழை தொடங்கினால் கடலூர், புதுச்சேரி இரண்டு பக்கமும் பிளேட்லெட்டை, அதாவது ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் எண்ணிக்கையை, கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி மணிக்கொரு தரம் கேட்கிறார்கள், பிளாஸ்மாவை ஒருவரும் விசாரிப்பதில்லை.

உறையாமலிருக்க மருந்து கலந்த சோதனைக் குழாயில் ரத்தத்தை எடுத்து அப்படியே வைத்தால் சிவப்பணுக்கள் அடியில் படிந்து, மேலே வெளிர்மஞ்சளாக ஒரு நீர் தெளியும் பாருங்கள், அதுதான் பிளாஸ்மா. ரத்தத்தில் சுமார் 55 சதவீதம் அதுதான். அதில் பத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர், மீதி புரதம், உப்பு, சர்க்கரை, ஹார்மோன் இப்படி. கல்லீரல் தயாரிக்கும் ஆல்புமின் என்ற புரதம் அந்தத் தண்ணீரை ரத்தக்குழாய்க்குள்ளேயே இழுத்துப் பிடித்து வைக்கிறது.

டெங்குவில், மண்பானை வேர்ப்பது போல, ரத்தக்குழாய்ச் சுவர் வழியாக ஆல்புமினோடு சேர்ந்து பிளாஸ்மா கசிந்து வயிற்றிலும் நெஞ்சுக்கூட்டிலும் தேங்கும். குழம்பு சுண்டினால் காய் கூடிவிட்டது போலத் தெரியுமே, அதே கதைதான்: பி.சி.வி., அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்ற கணக்கு, 40 இருந்தவருக்கு 48 என்று ஏறும். ரத்தம் ஊறிவிட்டது என்று சந்தோஷப்பட்டுவிடாதீர்கள், அது ஆபத்துக் கணக்கு.

இதில் ஒரு வம்பு, கசிவு பெரும்பாலும் காய்ச்சல் விடும் சமயத்தில்தான் தொடங்கி ஒன்றிரண்டு நாள் இருக்கும். அப்புறம் கசிந்த நீர் தானாகவே ரத்தத்துக்குத் திரும்பும், அந்த நேரத்திலும் டிரிப்ஸ் ஓடிக்கொண்டிருந்தால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அதனால்தான் அளந்து அளந்து ஏற்றுகிறோம்.

பிளேட்லெட் ஏற்றினாலும் இந்தக் கசிவு நிற்காது. ரத்தப்போக்கு இல்லாதவரை, எண்ணிக்கை 10,000-க்குக் கீழே போனால்தான் பொதுவாக அதை யோசிப்போம். பப்பாளி இலைச் சாறு கொடுத்தீர்களா என்று நான் கேட்கவில்லை, கொடுத்திருப்பீர்கள். அதை நம்பி ரத்தப் பரிசோதனையை விட்டுவிடாமல் இருந்தால் போதும்.

வீட்டில் இன்னொருவருக்குக் காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும், வலி ஊசி வேண்டாம். காய்ச்சல் விட்டபின் கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, கைகால் சில்லிடுதல், சிறுநீர் குறைதல், இதில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.