எந்தத் தோள் வலிக்கிறது?

துப்பாக்கிச் சுடுதல்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சார், எனக்கு வயது 48, வலது கைக்காரன். மூன்று வருடமாக 10 மீட்டர் ஏர் ரைஃபிள் சுடுகிறேன். இரண்டு மாதமாக இடது தோளில் வலி, ராத்திரி அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. ஆறு வாரத்துக்குக் கையைத் தூக்கிச் செய்யும் வேலைகளைக் குறைக்கச் சொல்லி, பிசியோவுக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறார் டாக்டர். ஸ்டாண்டு ஏதாவது வைத்து லேசாகச் சுடலாம் என்கிறார். கிளப்பில் ஒருவர் பைபாட் (ரைஃபிளின் முன்பக்கம் மாட்டும் இரண்டு கால் தாங்கி) வாங்கு என்கிறார், இன்னொருவர் மணல் மூட்டையே போதும் என்கிறார். எதை வாங்கட்டும்?
– வாசகர், கோவை

பதில்: இடது தோள், வலது கைக்காரன் என்று இரண்டையும் சேர்த்து எழுதினீர்களே, அதற்கே நன்றி. தோள் வலி என்று மட்டும் சொல்லிவிட்டு நேராகக் கடைக்குப் போகிறவர்கள்தான் அதிகம். நானும் அப்படிப் போனவன்தான். சில வருடம் முன்பு எனக்கு வலது தோள் பிடித்துக்கொண்டது, யாரோ சொன்னார்கள் என்று நல்ல விலை கொடுத்து ஒரு பைபாட் வாங்கினேன். வலி இம்மியும் குறையவில்லை. எப்படிக் குறையும்? ரைஃபிளின் எடையைச் சுமப்பது இடது கை. என் தொல்லைக்குக் காரணம், வலது முழங்கையைக் கோழி இறக்கை மாதிரி வெளியே தூக்கி வைத்துக்கொண்டு சுடும் பழக்கம். முழங்கையைத் தளர்த்திக் கீழே விட்டு, அதற்கேற்ப பட் பிளேட்டை, அதாவது தோளில் பதியும் பின்தகட்டை, கொஞ்சம் மாற்றி வைத்த பிறகுதான் நிம்மதியானது. பைபாட் இன்னும் பீரோ மேல் கிடக்கிறது.

உங்கள் விஷயம் வேறு. வலிப்பது சுமக்கிற பக்கம் என்பதால் உங்களுக்கு ஸ்டாண்டு நிஜமாகவே உதவும். ஆனால் பைபாட் வேண்டாம். அதன் கால்கள் குட்டை, படுத்தோ மேசையில் வைத்தோ சுடுகிறவர்களுக்கானது. நின்று சுடுகிற நீங்கள் அதை எங்கே கொண்டுபோய் ஊன்றுவீர்கள்? மணல் மூட்டைக்கும் மேசை வேண்டும், நாற்காலி வேண்டும். உட்கார்ந்துவிட்டால் இடுப்பு, கழுத்து, ரைஃபிளின் கட்டையில் கன்னம் பதியும் இடம் எல்லாமே மாறிப்போகும், ஆறு வாரம் கழித்து எழுந்து நிற்கும்போது நேற்றுச் சேர்ந்தவர் மாதிரி தடுமாறுவீர்கள். உங்களுக்கு வேண்டியது உயரத்தை ஏற்றி இறக்கக்கூடிய, ஆடாமல் நிற்கிற, கனமான ஸ்டாண்டு. புதிதாக வாங்கத்தான் வேண்டும் என்றில்லை. நல்ல கேமரா டிரைபாட் இருந்தால் அதன் தலையில் கவை மாதிரி ஒரு மரத்துண்டை இறுக்கமாகப் பொருத்தி, மேலே பழைய துண்டு ஒன்றைச் சுற்றிக்கொள்ளுங்கள். அடியில் ஒரு மணல் பையையும் தொங்கவிடுங்கள், ஐந்து கிலோ ரைஃபிள் சரிந்து விழுந்தால் அப்புறம் தோளை விடப் பர்ஸ்தான் வலிக்கும்.

கவை எங்கே வரவேண்டும் என்றால், வழக்கமாக உங்கள் இடது கை தாங்குகிற அதே இடத்தில், கட்டைக்கு அடியில். பாரலுக்கு அடியில் முட்டுக் கொடுக்காதீர்கள், பெல்லட் (குண்டு) படுகிற இடமே மாறிவிடும். உயரத்தை அளவுகோல் வைத்துப் பார்க்க வேண்டாம். ரைஃபிளைத் தோளில் பொருத்தி, கண்ணை மூடி, இரண்டு முறை மூச்சை விட்டுவிட்டுத் திறந்து பாருங்கள். குறி பார்க்கும் சைட் இலக்குக்குக் கீழே நிற்கிறதா, ஸ்டாண்டை ஒரு விரல்கடை ஏற்றுங்கள். மேலே நிற்கிறதா, இறக்குங்கள். ஸ்டாண்டை மாற்றச் சோம்பல்பட்டு முதுகை வளைத்தோ தோளைத் தூக்கியோ சரிக்கட்டினால், எதற்கு ஸ்டாண்டு வைத்தோமோ அதுவே வீண். இடது கையைச் சும்மா தொங்கவிடுங்கள்.

இன்னொன்று. சரியான ஸ்டாண்டிங் பொசிஷனில் இடது முழங்கை இடுப்பெலும்பின் மேல் உட்கார்ந்திருக்கும், எடை எலும்பு வழியாகவே இறங்கிவிடும், தோள் தசைக்குப் பெரிய வேலை இல்லை. பலருக்குத் தோளைப் பதம் பார்ப்பது, ஒவ்வொரு ஷாட்டுக்கும் தாழ்வான மேசையிலிருந்து ரைஃபிளைத் தூக்குவது. போட்டி என்றால் 60 ஷாட், அதற்கு முன் குறியைச் சரிபார்க்கும் சைட்டிங் ஷாட்டுகள் வேறு. நீங்கள் மேசையிலிருந்து தூக்குகிற ஆளா என்று யோசியுங்கள். ஷாட்டுக்கு ஷாட் ரைஃபிளை வைத்துக்கொள்ள ரேஞ்சில் இருக்குமே ஒரு ஸ்டாண்டு, அதை நெஞ்சு உயரத்துக்கு ஏற்றிவிட்டால் நான்கு விரல் தூக்கினால் போதும். குணமானபின் இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

ஸ்டாண்டில் வைத்து எடுக்கும் ஸ்கோரை நோட்டில் எழுதாதீர்கள். இலக்கின் நடுவில் பத்துப் புள்ளி தரும் அரை மில்லிமீட்டர் பொட்டு, கவையில் வைத்தால் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது போலத் தெரியும், எல்லாம் மாயை. இந்த ஆறு வாரமும் டிரிக்கர் விரலையும் மூச்சையும் மட்டும் பாருங்கள். ஷூட்டிங் ஜாக்கெட்டின் விறைப்பில் வலி அமுங்கித் தெரியாது, அதனால் ஜாக்கெட் இல்லாமலே பழகுங்கள். கை மரத்துப்போனாலோ, கையில் பலம் குறைந்தாலோ ஆறு வாரம் ஆகட்டும் என்று இருக்காமல் டாக்டரிடம் ஓடுங்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது ஸ்பிரிங் ஏர் ரைஃபிள். தோள் வலிக்கிறதே என்று மணல் மூட்டையில் வைத்துச் சுட்டால் குறி நாலா பக்கமும் சிதறுகிறது. ரைஃபிள் பழுதா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: பழுதெல்லாம் இல்லை. ஸ்பிரிங் ரைஃபிளில் பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும், பிஸ்டன் முட்டி நிற்கும்போது முன்னால் இழுக்கும். பெல்லட் பாரலை விட்டு வெளியேறும் முன்பே இவ்வளவும் நடக்கும். கெட்டியான மூட்டை மேல் நேராக வைத்தால் அது ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாகத் துள்ளும். மூட்டை மேல் உங்கள் உள்ளங்கையை மல்லாக்க வைத்து, அதன் மேல் ரைஃபிளைக் கிடத்துங்கள், பிடிக்காதீர்கள். பட் பகுதியையும் தோளில் தொட்டும் தொடாமலும் வையுங்கள். தோளுக்கும் நல்லது, குறிக்கும் நல்லது.

கேள்வி: ஸ்டாண்டு வைத்துச் சுடப் போட்டிகளில் அனுமதி உண்டா? என் அண்ணனுக்கும் தீராத தோள் வலி.
– வாசகி, திருச்சி

பதில்: வழக்கமான போட்டிகளில் கிடையாது. பாரா போட்டிகளில் எஸ்எச்2 பிரிவினர், அதாவது ரைஃபிளின் எடையைக் கைகளால் தாங்க முடியாதவர்கள், ஸ்பிரிங் பொருத்திய ஸ்டாண்டில் வைத்துச் சுடுவார்கள். அந்த ஸ்பிரிங் அசைந்துகொண்டே இருக்கும், சும்மா வைத்துத் தட்டிவிடுகிற வேலை என்று நினைத்துவிடாதீர்கள். டோக்கியோவிலும் பாரிஸிலும் தங்கம் வென்ற அவனி லேகரா எஸ்எச்1, அதாவது எடையைக் கைகளால் தாங்க முடிந்தவர்களின் பிரிவு. சக்கர நாற்காலியில் இருந்தாலும் ரைஃபிளைக் கையில் தாங்கித்தான் சுடுகிறார். ஆனால் பாரா பிரிவில் சேர நிரந்தரக் குறைபாடு இருக்க வேண்டும், வலி மட்டும் போதாது. ஜெர்மனியில் மூத்தவர்களுக்கென்றே ஸ்டாண்டில் வைத்துச் சுடும் தனிப் போட்டிகள் நடக்கின்றன, ஆஃப்லாகே என்பார்கள். நம்மூர் கிளப்புகளும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்படி ஒன்று நடத்தினால், உங்கள் அண்ணனுக்கு முன்னால் நான் பெயர் கொடுத்துவிடுவேன்.