கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு கிட்டார் ரசிகை

வாசகர் கேள்வி - பதில் பகுதியில் இம்முறை, சினிமாவுக்கு வெளியே இயங்கும் ராக் குழுக்கள். பதில் சொல்பவர் தமிழக எல்லையை ஒட்டிய கேரளத்தின் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் மருந்துக் கடை நடத்தும் நம் வாசகி.

அக்கா, இளையராஜா, ரஹ்மான் தவிர வேறெதுவும் கேட்டு வளரவில்லை. நண்பர்கள் சொல்லும் இந்த 'இண்டி ராக்' எல்லாம் எங்கிருந்து தொடங்குவது? இங்கிலீஷில் வேகமாகப் பாடினால் எனக்குப் புரிவதில்லை.
– கல்லூரி மாணவர், கொல்லங்கோடு

இங்கிலீஷில் தொடங்கவே வேண்டாம், தம்பி. திருவனந்தபுரத்தில் 2003-இல் உருவான அவியல் குழு, 2008-இல் தன் பெயரிலேயே ஒரு ஆல்பம் வெளியிட்டது. எட்டே பாட்டு, எல்லாம் மலையாளம். கொல்லங்கோட்டுக்காரருக்கு அது போதும்.

அதில் எல்லோரும் முதலில் சொல்வது 'நட நட'. நல்ல பாட்டுதான். ஆனால் நீங்கள் 'ஆடு பாம்பே'யில் தொடங்குங்கள். வரிகள் ஸ்ரீநாராயண குருவின் குண்டலினிப் பாட்டிலிருந்து வந்தவை. தலைப்பைக் கேட்டதுமே நமக்குப் பாம்பாட்டிச் சித்தர் ஞாபகம் வந்துவிடும். அவர் பாடல்களும் 'ஆடு பாம்பே' என்றுதானே முடிகின்றன! குருவுக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். தமிழில் பதிகங்கள் பாடியிருக்கிறார், திருக்குறளில் கொஞ்சம் மலையாளத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார். அவர் எழுதி நூறு வருஷத்துக்கு மேலான பிறகு, அந்த வரிகளுக்கு அடியில் ரெக்ஸ் விஜயனின் கிட்டார் ஓடுகிறது. சித்தர் பாட்டு தெரிந்த காதுக்கு இந்தப் பாட்டு இரண்டு பக்கமும் திறக்கும். சென்னையிலோ கொச்சியிலோ இருப்பவரை விட எல்லையில் இருக்கும் நமக்குத்தான் இது முழுசாகக் கிடைக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அப்புறம் அதே 2008-இல் கொச்சியின் மதர்ஜேன் குழு போட்ட 'மக்தூப்' கேளுங்கள். பாட்டு இங்கிலீஷ்தான், ஆனால் பைஜு தர்மஜனின் கிட்டார் கமகத்தோடு வளைந்து வளைந்து வரும். வார்த்தை புரியாவிட்டாலும் அதைப் பிடித்துக்கொண்டு போகலாம். தமிழில் வேண்டுமென்றால் 2018 ஜனவரியில் சென்னையில் முதல் மேடை ஏறிய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ். கானாவும் ராப்பும் பறையும் கிட்டாரும் ஒரே மேடையில் நிற்கும்.

என் மகன் கேட்கும் சில பாட்டுகள் இருபது நிமிஷம் ஓடுகின்றன. பாடகர் கிடையாது. பாதி நேரம் ஒன்றுமே நடப்பதில்லை. இதில் என்ன ரசனை?
– ஆசிரியர், நெம்மாறை

சார், நீங்கள் கோயிலில் பஞ்சாரி என்னும் செண்டை மேளத்தை முழுசாக நின்று கேட்டவராகத்தான் இருப்பீர்கள். முதல் காலத்தில், அதாவது மெதுவான முதல் கட்டத்தில், ஒரு தாளச் சுற்றுக்கு 96 அட்சரம் (தாள எண்ணிக்கை). அந்த நேரம் புதிதாக வந்தவர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள், கடலை வாங்கப் போவார்கள். அது 48 ஆகி, 24 ஆகி, 12 ஆகி, கடைசியில் 6-க்கு வரும்போது அதே கூட்டம் கையை ஆகாயத்துக்கு வீசிக்கொண்டிருக்கும். முதல் காலத்தைத் தவறவிட்டவருக்கு அந்த ஆறு அட்சரத்தின் வேகம் பாதிதான் கிடைக்கும்.

உங்கள் மகன் கேட்பது அநேகமாகக் கனடாவின் மாண்ட்ரியல் நகரத்துக் குழுவான காட்ஸ்பீட் யூ! பிளாக் எம்பரர், அல்லது அந்த வழியில் வந்த யாராவது. 2000-இல் அவர்கள் போட்ட இரட்டை ஆல்பத்தில் மொத்தம் நான்கே உருப்படிகள், ஒவ்வொன்றும் இருபது நிமிஷத்தை ஒட்டி. சின்னதாக ஒரு கிட்டார் வரி திரும்பத் திரும்ப வரும். அதன்மேல் வயலின், செல்லோ, பிறகு டிரம்ஸ் என்று ஒவ்வொன்றாக ஏறும். மேளத்தில் இருக்கும் கணக்கு இதில் கிடையாது, சத்தத்தின் கனம் மட்டும்தான் கூடிக்கொண்டு போகும். உச்சிக்குப் போனதும் மறுபடி இறங்கிவிடுவார்கள். அந்த இறக்கத்தில்தான் எனக்குக் கண் கலங்கும். மேளத்தில் இறக்கம் என்பதே இல்லை, அங்கே உச்சியோடு கலாசம், அதாவது முடிப்பு.

போன் ஸ்பீக்கரில் மட்டும் இதை எடைபோடாதீர்கள். கீழ்ச்சுருதி எல்லாம் அதில் காணாமல் போகும். மகனுடைய ஹெட்போனை ஒரு நாள் கேட்டு வாங்கி, ஒரே ஒரு உருப்படியை முதலிலிருந்து கேளுங்கள்.

கொச்சியில் ராக் கச்சேரிக்குப் போய்வந்தேன். மறுநாள் மத்தியானம் வரை காதில் 'கொய்ங்' என்று சத்தம். இது ஆபத்தா?
– ஒரு வாசகர், கோவிந்தாபுரம்

இந்தக் கேள்விக்கு ரசிகையாக அல்ல, மருந்துக் கடைக்காரியாகப் பதில் சொல்கிறேன். அந்தக் கொய்ங் அடங்கிவிட்டதால் காதுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நினைக்கக் கூடாது. உள்காதில் இருக்கும் நுண்ணிய மயிரிழை செல்கள் செத்தால் நமக்குத் திரும்ப முளைப்பதில்லை. சத்தம் இரண்டு மூன்று நாள் நீடித்தாலோ, ஒரு காது மந்தமானாலோ உடனே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போங்கள். சொட்டு மருந்து கேட்டுக் கடைக்கு வராதீர்கள். அது இதற்கு உதவாது, நான் தரவும் மாட்டேன்.

கணக்கு இதுதான்: 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு வந்தால் கால் மணி நேரம்தான். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் கச்சேரி அரங்குகளுக்கு வெளியிட்ட அளவுகோலில்கூட உச்ச வரம்பு, சராசரியாக 100 டெசிபல். கச்சேரியோ இரண்டு மூன்று மணி நேரம் நடக்கும்.

அதனால் பஞ்சு போன்ற ஃபோம் இயர்பிளக் வாங்கிப் பையில் வையுங்கள். விலை அதிகமில்லை. விரலால் உருட்டி மெலிசாக்கி, மற்றொரு கையால் காது மடலை மேலே இழுத்து, உள்ளே விட்டு, அது விரியும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். சும்மா செருகினால் பயன் இல்லை. ஸ்பீக்கர் அடுக்குக்கு எதிரே நிற்காமல், மிக்ஸர் வைத்து சவுண்ட் என்ஜினியர் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நில்லுங்கள். அவர் அந்த இடத்தில் கேட்டுத்தான் சத்தத்தைச் சரிசெய்கிறார், அதனால் மொத்த மைதானத்திலும் நல்ல ஒலி அங்கேதான்.

ஆல்பத்தை வரிசையாகவே கேட்பீர்களா? ஷஃபிள் போட்டு வரிசையைக் கலைத்துக் கேட்டால் என்ன?
– ஒரு வாசகி, வேலந்தாவளம்

வரிசைதான். எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்று குழு உட்கார்ந்து தீர்மானித்திருக்கிறது, அதுவும் இசையில் சேர்த்திதான். 2021 நவம்பரில் பாடகி அடேல் கேட்டுக்கொண்டதால், ஆல்பப் பக்கத்தில் முதலில் நின்ற ஷஃபிள் பொத்தானை ஸ்பாட்டிஃபை இசைச் செயலி மாற்றியது. எனக்கு அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம்.

மருந்து எடுக்கப் பாலக்காடு போகும் பஸ்ஸில்தான் என் கேட்பெல்லாம். ரேடியோஹெட் குழுவின் 'இன் ரெயின்போஸ்' 2007-இல் வந்தது. பத்துப் பாட்டு, 42 நிமிஷம், எங்கள் பஸ்ஸுக்கு அளவாக இருக்கும். முதல் பாட்டு ஐந்து எண்ணிக்கையில் போகிறது. தொடையில் தக தகிட, தக தகிட என்று தட்டிப் பாருங்கள், கண்ட நடை தெரிந்த கை தானாகப் பிடித்துக்கொள்ளும். அந்தக் குழுவின் எல்லா ஆல்பத்திலும் இதுதான் மனசுக்கு நெருக்கமானது. 'ஓகே கம்ப்யூட்டர்' பெரியது என்பார்கள், சரி, ஆனால் இது கனிந்தது. ஒரு வாரம் முழுக்க ஒரே ஆல்பம் என்பது என் பழக்கம். கடையில் கேட்க மாட்டேன், அங்கே மருந்துச் சீட்டில்தான் கவனம் இருக்க வேண்டும்.

அமெரிக்க ராக் குழுவான பிக் தீஃப் 2019-இல் போட்ட இரண்டு ஆல்பங்களில் எது உங்கள் ஓட்டு?
– ஒரு வாசகர், மீனாட்சிபுரம்

'டூ ஹேண்ட்ஸ்'. முதலில் வந்த 'யு.எஃப்.ஓ.எஃப்.' வாஷிங்டன் மாநிலத்துக் காட்டுப் பக்கம் பதிவானது, பனி மூட்டமாக அழகாக இருக்கும். அதை முடித்த கையோடு டெக்சாசில் மெக்சிகோ எல்லையை ஒட்டிய டோர்னியோ என்ற ஊருக்குப் போய், ஒரே அறையில் சேர்ந்து வாசித்து, மேலே அதிகம் ஒட்டுப்போடாமல் பதிந்தது இரண்டாவது. அதில் 'நாட்' பாட்டின் பின்பாதியில் குழுவின் பாடகி ஏட்ரியன் லெங்கரின் கிட்டார், வார்த்தை தீர்ந்துபோன இடத்திலிருந்து பேசுகிறது. அந்த ஒரு பாட்டுக்காகவே என் ஓட்டு.

கச்சேரிக்கு வீட்டில் அனுப்ப மாட்டேன் என்கிறார்கள், அக்கா. நீங்கள் எப்படிப் போகிறீர்கள்?
– கல்லூரி மாணவி, கோபாலபுரம்

நானும் என் நாத்தனாரும் சேர்ந்து போவோம். வீட்டில் பயப்படுவது பாட்டைப் பார்த்து அல்ல, ராத்திரியைப் பார்த்து. அந்தப் பயம் நியாயமானது, அதனால் திரும்பும் வழியை முதலில் காட்டுங்கள். முதல் கச்சேரியைக் கோயம்புத்தூரில் வைத்துக்கொள்ளுங்கள். கொச்சி என்றால் எர்ணாகுளத்திலிருந்து பாலக்காட்டுக்கு ரயில் டிக்கெட் எடுத்துவிட்டு, அதன்பிறகு கச்சேரி டிக்கெட் எடுங்கள். கடைசிப் பாட்டுக்கு முன்பே கிளம்ப வேண்டி வந்தால் கிளம்பிவிடுங்கள். ஒரு தடவை அம்மாவையும் கூட்டிப் போங்கள். என் மாமியார் வந்தார், டிரம்ஸ்காரர் பக்கமிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.