சிக்னல் கோடு முழுக்க இருந்தும் 3ஜி ஏன் ஊர்கிறது?

கேள்வி: திருகோணமலை உவர்மலையில் மாடி வீடு. 3ஜி டொங்கிளில் கோடு முழுக்க நிற்கிறது, இணையம் ஊர்கிறது. பூஸ்டர் வாங்கலாமா?

வேண்டாம், காசுதான் வீண். சிக்னல் மிஞ்சிப்போனதுதான் உங்கள் சிக்கலாக இருக்கும்.

கோடுகள் காட்டுவது ஆர்எஸ்சிபி: டவர் தன்னை அடையாளம் காட்ட எப்போதும் அனுப்பும் பைலட் சிக்னல் எவ்வளவு பலமாக வருகிறது என்பது மட்டும். 3ஜியின் ரேடியோ முறையான டபிள்யூசிடிஎம்ஏயில் அக்கம்பக்கத்து டவர்கள் எல்லாம் ஒரே 5 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையில்தான் இயங்கும். குறியீட்டை வைத்துத்தான் பிரித்தறிய வேண்டும். அதனால் பக்கத்து டவர் உங்களுக்கு இரைச்சல். அந்த இரைச்சலோடு ஒப்பிட்டுப் பைலட் எங்கே நிற்கிறது என்று சொல்வது ஈசி/ஐஓ. வேகம் அதில் தங்கியிருக்கிறது.

உவர்மலை மேடு. நகரத்து டவர்களோடு, உள்துறைமுகத் தண்ணீரைத் தாண்டிச் சீனக்குடாப் பக்கத்தில் இருப்பவையும் மாடிக்குத் தடையில்லாமல் வந்துவிடும். சுமை ஏறிய செல்லில் (டவர் ஒரு பக்கமாகப் பரப்பும் வட்டாரம்) பைலட்டுக்குப் போவது மொத்தச் சக்தியில் சுமார் பத்திலொரு பங்கு. வேறு செல் இல்லாவிட்டாலும் அதுவே ஈசி/ஐஓவை -10 டெசிபெல்லுக்கு இறக்கும். அதே பலத்தில் மொத்தம் நாலு செல்கள் சேர்ந்தால் -16. அழைப்பு என்றால் சாப்ட் ஹேண்டோவரில் இரண்டு மூன்று செல்லைக் கூட்டிப் பிடித்துத் தப்பிவிடும். எச்எஸ்டிபிஏ என்ற 3ஜியின் வேக டேட்டா ஒரு செல்லிலிருந்து மட்டுமே இறங்கும், மற்றவை வெறும் தொல்லை.

சிம்மை ஒரு சாம்சங் போனில் போட்டு, 3ஜியில் மட்டும் நிறுத்தி, *#0011# அடித்து, வரும் திரையில் ஆர்எஸ்சிபியையும் ஈசி/ஐஓவையும் பாருங்கள். டவுன்லோட் எதுவும் ஓடக்கூடாது. ஓடினால் உங்கள் பாவனையே எண்ணைக் கெடுக்கும். ஈசி/ஐஓ விடியற்காலை -5, இரவு எட்டு மணிக்கு -11 என்றால் அது ஆட்கூட்டம், அன்டெனாவால் ஆகாது. ஆர்எஸ்சிபி -75 இருந்தும் ஈசி/ஐஓ எந்நேரமும் -14க்குக் கீழே கிடந்தால் பல டவர்க் குழப்பம்தான்.

அப்படியானால் முதலில் டொங்கிளை யுஎஸ்பி வயரில் நீட்டி, நகரத்தைப் பார்த்த சுவரோரம் தாழ்வாக வையுங்கள். கோடு இரண்டு குறையும், வேகம் கூடும். போதாவிட்டால் ஒரு பக்கத்தை மட்டும் பார்க்கும் பேனல் அன்டெனா. அதைத் திருப்பும்போது கோட்டைப் பார்க்காமல் ஈசி/ஐஓவைப் பாருங்கள். ஆர்ஜி-58 என்ற மெல்லிய அன்டெனா வயர் மீற்றருக்கு ஒரு டெசிபெல்லுக்குக் கிட்ட விழுங்கும். இறங்குபாதையில் இரைச்சலும் சேர்ந்து குறைவதால் அது பெரிதாகத் தெரியாது. டொங்கிள் திருப்பி அனுப்பும் கால் வாட்டில்தான் அடி விழும். நாலைந்து மீற்றருக்கு மேல் வேண்டாம்.

பூஸ்டர் இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும், விகிதம் அப்படியேதான். தொலைத்தொடர்பு ஒழுங்குறுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி இல்லாமல் பூட்டவும் முடியாது. அன்டெனா பூட்டினால் மூட்டுகளை ரப்பர் டேப்பால் இறுக்கிச் சுற்றுங்கள். திருமலை உப்புக்காற்று செப்பை விட்டுவைக்காது.