ஆங்கிலம் தெரியும், கற்பிக்க வருமா?

கேள்வி: சாதாரண தரத்தில் ஆங்கிலத்துக்கு ஏ சித்தி. எங்கள் விடுதிக்கு வரும் வெளிநாட்டவர்களுடன் தடையில்லாமல் பேசுவேன். ஆங்கில ஆசிரியை ஆகலாமா, ரீச்சர்?
– வாசகி, உப்புவெளி

பதில்: நீங்கள் நன்றாகப் பேசுவீர்கள் என்பதை நம்புகிறேன். ஆனாலும் ஒரு சின்னச் சோதனை. 'ஹீ ஹேஸ் கம் யெஸ்டர்டே' என்று ஒரு பிள்ளை சொல்கிறது. பிழை என்று உங்கள் காது உடனே சொல்லிவிடும். ஏன் பிழை? 'அப்படிச் சொல்லக் கூடாது' என்பது விளக்கம் ஆகாது. தமிழில் 'நேற்று வந்திருக்கிறான்' என்று தாராளமாகச் சொல்கிறோம். பிள்ளை அதைத்தான் அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோயிருக்கிறது. ஆங்கிலமோ அந்த வினை வடிவத்தோடு 'நேற்று' என்ற முடிந்துபோன பொழுதைச் சேர்க்க விடாது. இப்படி முடிச்சு அவிழ்ப்பதில் உங்களுக்கு ருசி இருக்கிறதா, எரிச்சல் வருகிறதா?

அதே பிள்ளை அடுத்த வாரமும் அதே பிழையைத்தான் விடும். முதல் வருடம் நான் ஒரு முறை குரலை உயர்த்திவிட்டேன். அதன் பிறகு ஒரு மாதம் அந்தப் பிள்ளை வகுப்பில் வாயே திறக்கவில்லை.

அயலில் நான்கு பிள்ளைகளைச் சேர்த்து, வாரம் இரண்டு நாள், ஆறு வாரம் விறாந்தையில் இருத்திக் கற்பித்துப் பாருங்கள். காசு வாங்க வேண்டாம். நான்காம் வாரம் தொட்டு நீங்களே வகுப்பைத் தள்ளிப்போடக் காரணம் தேடினால், விடுதி வேலையே உங்களுக்கு நல்லது.

கேள்வி: இணையத்தில் ஆங்கிலம் கற்பிப்பதற்கான 120 மணித்தியாலச் சான்றிதழ் மலிவாகக் கிடைக்கிறது. செல்டா (CELTA) என்ற ஆங்கில ஆசிரியர் பயிற்சிக்கு ஏன் இவ்வளவு கட்டணம்?
– வாசகர், கிண்ணியா

பதில்: மணித்தியாலக் கணக்கில் மயங்காதீர்கள். கேம்பிரிட்ஜின் செல்டாவும் குறைந்தது 120 மணித்தியாலம்தான். ஆனால் அதில் 6 மணித்தியாலம் உண்மையான மாணவர்கள் முன் நின்று கற்பிக்க வேண்டும். பயிற்சியாளர் பின்னால் இருந்து குறிப்பெடுப்பார். அந்த 6 மணித்தியாலத்துக்குத்தான் மதிப்பு. மலிவான இணையப் படிப்புகள் பலவற்றில் அது இல்லை. அதற்காக நகையை அடகு வைத்துவிட்டுச் செல்டாவுக்கு ஓடவும் வேண்டாம். முதல் பதிலில் சொன்ன நான்கு பிள்ளைகள் உங்களுக்கும் உண்டு.

கேள்வி: பட்டதாரி நான். கொரியா போய் ஆங்கிலம் கற்பிக்க விருப்பம். வெள்ளைக்காரர் இல்லை என்று ஒதுக்குவார்களா?
– வாசகர், மூதூர்

பதில்: தோலை விடுங்கள், கடவுச்சீட்டைப் பாருங்கள். கொரியாவில் ஆங்கிலம் கற்பிக்கும் ஈ-2 விசா பொதுவாக அமெரிக்கா, பிரித்தானியா, கனடா, அயர்லாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா ஆகிய 7 நாட்டவருக்கே. முகவர் யாராவது வேறு கதை சொன்னால் காசு கொடுக்காதீர்கள்.

ஆனால் இது விசாவின் கணக்கு, உங்கள் திறமையின் கணக்கு இல்லை. உதாரணத்துக்கு, ஆங்கிலத்தில் 'ஏ' (a), 'த' (the) இரண்டையும் எங்கே போடுவது என்று நம் பிள்ளைகள் தவிப்பார்கள். 'புத்தகம் வாங்கினேன்', 'புத்தகத்தை வாங்கினேன்' இரண்டையும் கரும்பலகையில் எழுதி, இரண்டாவதில் எந்தப் புத்தகம் என்று கேட்பவருக்கு முன்பே தெரியும் அல்லவா என்று கேளுங்கள். எல்லா இடத்துக்கும் பொருந்தாது. ஆனாலும் பாதிக் குழப்பம் அங்கேயே தீரும். லண்டனிலிருந்து வருபவருக்கு இந்தக் குறுக்குவழி கிடைக்காது.

கேள்வி: கூச்ச சுபாவம். அதிகம் பேச மாட்டேன்.
– வாசகி, தம்பலகாமம்

பதில்: நல்லது. பிள்ளைகள் பேசுவார்கள்.

கேள்வி: சீசனில் படகு ஓட்டுகிறேன். மாரியில் கையில் வேலை இல்லை. அந்த மாதங்களில் மட்டும் வகுப்பு நடத்தலாமா?
– வாசகர், நிலாவெளி

பதில்: நடத்துங்கள், ஆனால் பரீட்சைப் பிள்ளைகளைச் சேர்க்காதீர்கள், மே மாதம் நீங்கள் கடலுக்குப் போனால் அவர்கள் நடுவழியில் நிற்பார்கள். உங்களைப் போலவே மாரியில் கரையில் இருக்கும் படகுக்காரர்களைச் சேருங்கள். அவர்களுக்கு இலக்கணப் புத்தகம் வேண்டாம். புறாத்தீவில் பவளப்பாறையை மிதிக்காதீர்கள், உயிர்காப்பு அங்கியைக் கழற்றாதீர்கள், இன்று கடல் சரியில்லை: இவற்றைச் சுற்றுலாப் பயணியின் முகம் சுருங்காதபடி ஆங்கிலத்தில் சொல்லத் தெரிய வேண்டும். கடைசி வாக்கியத்தில் தொடங்குங்கள். முற்பணம் வாங்கிய பிறகு அதைச் சொல்வதுதான் எல்லாவற்றிலும் கடினம்.