அப்பா, அம்மா, நான்: மூவரின் வரி விபரத்திரட்டையும் ஒரே மென்பொருளில் தயாரிக்கலாமா?

கணக்குப் போட ஒரே மென்பொருள் போதும். ஆனால் இலங்கையில் கணவன் மனைவிக்குக்கூடக் கூட்டு விபரத்திரட்டு கிடையாது. ஆளுக்கொரு டின் இலக்கம் (வரி செலுத்துநர் அடையாள எண்), ஆளுக்கொரு விபரத்திரட்டு. உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் இணையச் சேவையிலும் தனித்தனியாகவே உள்நுழைய வேண்டும். ஆகவே மென்பொருளிலும் எக்செலிலும் மூவருக்கும் தனிக்கோப்பு திறந்துவிடுங்கள். அப்பாவின் கோப்பைப் பிரதி எடுத்து அம்மாவின் பெயரை இடுவது வேண்டவே வேண்டாம். பழைய தொகை எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும்.

உண்மையான சிக்கல் பொதுச் சொத்துகளில்தான். வெள்ளவத்தை வீடு அப்பா, அம்மா இருவர் பெயரிலும் இருந்தால், வாடகையை அவரவர் பங்குப்படி பிரித்து இரு கோப்புகளிலும் காட்டுங்கள். அம்மாவின் நிலையான வைப்பு வட்டியில் வங்கி பிடித்த வரிக்குச் சான்றிதழ் வாங்குங்கள். 2025 ஏப்ரல் முதல் அது 10 சதவீதம். அவருடைய ஆண்டு வருமானம் 18 இலட்சம் ரூபாய் விடுபாட்டுக்குள் அடங்கினால், பிடித்த பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். பலர் இதைக் கேட்காமலே விட்டுவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம். அப்பாவுக்கு அரச ஓய்வூதியம் என்றால் அதற்கு வரியில்லை. உங்கள் சம்பளத்துக்கு, சம்பளத்தையும் அதில் பிடித்த வரியையும் காட்டி நிறுவனம் தரும் டி-10 படிவம் போதும்.

சொத்து, பொறுப்பு (கடன்) விபரங்களை அனுப்புமுன் மூன்று கோப்புகளையும் அருகருகே வைத்து ஒப்பிடுங்கள். ஒரே வீடு இருவரிடமும் முழுப் பெறுமதியில் நிற்கக்கூடாது. கடைசி நாள் நவம்பர் 30. மிகுதி வரியைச் செப்டெம்பர் 30க்குள் கட்டிவிட வேண்டும்.