வாடகைத் தாய் மூலம் பிறக்கும் பிள்ளைக்கு வளவு வீட்டில் பங்கு உண்டா?

தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 36. நோய் காரணமாகக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள், சினைப்பைகள் இருக்கின்றன. பிள்ளை இல்லை. 31 வயதான ஓரகத்தி, இரண்டு பிள்ளைகளின் தாய், சுமந்து தருவதாகச் சொல்கிறார். வளவு வீட்டில், அதாவது பூர்வீகப் பொது வீட்டில், பங்குள்ள பங்காளிகளோ, "பெற்றவள் அவள். முறைப்படி பிள்ளை கூட்டிக்கொண்டால்தான் (சுவீகாரம் எடுத்தால்தான்) வீட்டில் பங்கு" என்கிறார்கள். சுவீகாரப் பத்திரம் எழுதலாமா, ஓரகத்திக்கு ஒரு வைரத்தோடு செய்து போடலாமா என்று கேட்கிறார்.

சகோதரி, சுவீகாரப் பத்திரம் எழுதவே எழுதாதீர்கள். அதில் கொடுப்பவர், பெறுபவர் என்று இரண்டு தரப்பு உண்டு. கொடுப்பவராக ஓரகத்தி கையெழுத்துப் போட்டால், குழந்தை அவருடையது என்று நீங்களே எழுதி வைத்ததாகிவிடும். நாளைக்குப் பாகப்பிரிவினை வழக்கு வந்தால் எதிர்த்தரப்பு முதலில் நீட்டும் காகிதம் அதுதான்.

2022 ஜனவரி 25 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைத் தாய் ஒழுங்குமுறைச் சட்டம், 2021 இதைத் தெளிவாகவே சொல்கிறது: இப்படிப் பிறக்கும் குழந்தை, பெற விரும்பிய தம்பதியின் சொந்தக் குழந்தையாகவே கருதப்படும், இயற்கையாகப் பிறந்த குழந்தைக்கு உள்ள எல்லா உரிமையும் அதற்கு உண்டு. ஆகவே பூர்வீக வீட்டில் உங்கள் கணவருக்குள்ள பங்கில் அந்தப் பிள்ளைக்கும் உரிமை வரும். பெண் பிள்ளையாக இருந்தாலும்தான். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்துக்குப் பிறகு அதில் வேறுபாடு கிடையாது.

உங்களுக்கு வேண்டிய காகிதம் வேறு. கர்ப்பப்பை இல்லை என்பதற்கு மாவட்ட மருத்துவ வாரியத்தின் சான்று முதலில். அப்புறம் நீங்கள் இருவரும் ஓரகத்தியும் சேர்ந்து முதல் வகுப்பு நடுவர் நீதிமன்றத்தில் மனுப் போட்டு, பெற்றோர் யார், குழந்தை யாரிடம் இருக்கும் என்று உத்தரவு வாங்க வேண்டும். குழந்தை பிறந்ததும் அந்த உத்தரவே பிறப்புக்கான உறுதி ஆவணம். கருவை வைப்பதற்கு முன்பே இது கையில் இருக்க வேண்டும். "பிள்ளை பிறக்கட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். உங்களுக்கும் ஓரகத்திக்குமான தகுதிச் சான்றுகளும் சேர்ந்த பிறகுதான், இதற்கெனப் பதிவு பெற்ற மருத்துவமனை சிகிச்சையைத் தொடங்க முடியும்.

வயதில் சிக்கல் இல்லை. மனைவிக்கு 23 முதல் 50, கணவருக்கு 26 முதல் 55, சுமப்பவருக்கு 25 முதல் 35. அவர் திருமணமாகி, சொந்தப் பிள்ளை பெற்றவராக இருக்க வேண்டும்; வாழ்நாளில் ஒரு முறைதான் சுமக்கலாம். அவருடைய கருமுட்டையைப் பயன்படுத்தக் கூடாது.

சரி, தோடு. நன்றிக்காகத்தான் நினைக்கிறீர்கள், புரிகிறது. ஆனால் பணமாகவோ பொருளாகவோ எதைக் கொடுத்தாலும் சட்டத்தின் கண்ணில் அது வணிக முறை வாடகைத் தாய் ஏற்பாடு. அதை நாடும் தம்பதிக்கு முதல் முறையே 5 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம். மருத்துவச் செலவு, விதிகள் அனுமதிக்கும் மற்ற செலவுகள், காப்பீடு இவ்வளவுதான் கொடுக்கலாம். அந்தக் காப்பீட்டில் கஞ்சத்தனம் வேண்டாம். பிரசவத்துக்குப் பின் வரும் சிக்கல்களுக்கும் சேர்த்து 36 மாதத்துக்கு எடுத்தாக வேண்டும்.

இன்னொன்று. கருவை வைக்கும் வரை ஓரகத்தி மனம் மாறி விலகிக்கொள்ள அவருக்கு முழு உரிமை உண்டு. ஒரே வளவில் பெரியவர்கள் சுற்றி இருக்கும்போது அவரால் "வேண்டாம்" என்று சொல்ல முடியாமல் போகலாம். மனுவில் கையெழுத்து வாங்கும் முன் ஒரு வழக்கறிஞரை அவர் தனியாகப் பார்த்துப் பேச ஏற்பாடு செய்யுங்கள்.